மானாம்பதி பங்க்கில் திறக்காத மூடி

எங்கள் காருக்குப் பெட்ரோல் போடுவது என் கணவரின் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உத்திரமேரூர் போய்ப் போட்டுக்கொண்டு வருவார். மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வர ஒரு வாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. "நீ பங்க்குக்கெல்லாம் போய் நிக்காத, பேஜாரு. ஓட்டினா மட்டும் போதும்" என்பார். அவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர் என்பதால் கார் வீட்டில் நிற்கும்.

மாமாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். அதனால் கூட்டிப் போய் வரும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் மாதம் கார் ஓட்டுவதே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்த ஒரே ரோடு, அதே வளைவு, ஆஸ்பத்திரி வாசலில் அதே வேப்பமரத்து நிழல், மத்தியானம் வரைக்கும் காத்திருந்துவிட்டு அதே வழியில் திரும்பி வருவது. காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அன்றைக்கு மழை. செய்யாற்றில் தண்ணீர் வந்து தரைப்பாலத்தின் மேல் ஓடுகிறது என்று போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்து மறித்துவிட்டார்கள். வந்த வழியே திரும்பி மானாம்பதி போய், அங்கிருந்து காஞ்சிபுரம் ரோட்டைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பாதி தூரம்கூடப் போகவில்லை, மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா அது, லைட்டு எரியுது?" பின் சீட்டிலிருந்து மாமா கேட்டார்.

"பெட்ரோல் கம்மியா இருக்குது மாமா. போயிடலாம்."

போய்விடலாமா என்று எனக்குத் தெரியாது. ஏ.சி.யை அணைத்தேன். மழைச் சாரல் அடித்ததால் கண்ணாடியை இறக்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தி என் கணவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள், டீ பிரேக்கில்தான் கையில் கிடைக்கும். தாமதமாகப் போனால் மாமாவின் படுக்கையில் வேறு யாரையாவது ஏற்றிவிடுவார்கள். அவருக்கு ஏற்கெனவே கால் வீங்கி, பேசினால் மூச்சு இளைத்தது.

மானாம்பதி பங்க்கில் நல்ல கூட்டம். எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்கக்கூட விடாமல் பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஒட்டி நின்றது. முன்னால் ஒரு லோடு வண்டி. வரிசை நகர்ந்து என் முறை வந்ததும் பெட்ரோல் போடும் பெண் காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க டேங்கு அந்தப் பக்கம் கீது. பைப்பு எட்டாது. சுத்திக்கினு அந்தாண்ட வாங்க."

முன்னால் லோடு வண்டிக்காரர் கேன்களை இறக்கி வைத்து டீசல் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் டிராக்டர். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது.

"ஓட்டத் தெரியாதவங்கள்லாம் இன்னாத்துக்கு வண்டி எடுத்துக்கினு வர்றாங்க?" என்று டிராக்டர்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஹாரன் மேல் ஹாரன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றுப் பட்டு வெள்ளையாகிவிட்டது. வெளியில் நிற்கிறவர்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள்.

ஒருவழியாக லோடு வண்டி நகர்ந்தது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நிறுத்தினேன். "இன்ஜின் ஆஃப் பண்ணுங்க" என்றாள். செய்தேன். "மூடி தொறங்க."

அந்த மூடியை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்த்ததில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்குத் தட்டுப்பட்ட ஒன்றை இழுத்தேன். பானெட் தூக்கிக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். இறங்கிப் போய் அதை அழுத்தி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அம்மாடி, மூச்சு முட்டுது" என்றார் மாமா.

வண்டியை அணைத்துவிட்டதால் கண்ணாடி இறங்கவில்லை. நான் திரும்பவும் இறங்கி ஓடிப் பின் கதவைத் திறந்தேன். மாமா காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்து, கதவைப் பிடித்தபடி காற்றை இழுத்து இழுத்து விட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. சீட்டுக்குக் கீழ, கதவு ஓரமா கையை வுட்டுப் பாரு. அவன் அங்கதான் எதியோ இழுப்பான்" என்றார்.

டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில், தரையோடு தரையாக ஒரு சின்ன லிவர். பெட்ரோல் பம்ப் படம் போட்டிருந்தது. இழுத்தேன். பின்னால் டக்கென்று சத்தம் கேட்டது, ஆனால் மூடி திறக்கவில்லை. மழையும் சேறும் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் இழுத்தேன். அப்போதும் வரவில்லை.

என்னைத் திட்டின டிராக்டர்காரர் இறங்கி வந்தார். மாமா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "ஆஸ்பத்திரிக்கா?" என்றார். தலையாட்டினேன். "நான் மூடியை அமுத்திக்கிறேன். அமுத்தும்போது நீ இழும்மா" என்று உள்ளங்கையை வைத்து அழுத்தினார். இழுத்தேன். திறந்துகொண்டது.

"பெட்ரோலா, டீசலா?"

பெட்ரோல் என்று தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் மாற்றி ஊற்றி வண்டியையே இழுத்துக்கொண்டு போன கதையைக் கேட்டிருக்கிறேன். திறந்த மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போய்ப் படித்துவிட்டு வந்து, "பெட்ரோல்" என்றேன்.

"எவ்ளோக்கு?"

என் கணவர் எவ்வளவுக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியாது. "ஃபுல்லா போடும்மா" என்றேன்.

"ஜீரோ பாத்துக்கோங்க" என்றாள். பார்த்தேன். பெட்ரோல் இறங்க ஆரம்பித்த நேரத்தில் கையிலிருந்த போன் அடித்தது. அவர்தான். எடுக்கப் போனேன்.

"அக்கா, இங்க போன் பேசக் கூடாது."

அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கல்யாணமாகி அவர் போனை நான் எடுக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. பைப் தானாக நின்றதும், அவள் கார் மேல் வைத்திருந்த உள்மூடியை நானே எடுத்துப் போட்டு, கடகடவென்று சத்தம் வரும் வரை திருகினேன். வெளிமூடியை அழுத்திச் சாத்தி, சரியாக உட்கார்ந்ததா என்று தட்டிப் பார்த்தேன்.

ஊரைத் தாண்டி நிறுத்தி அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

"இன்னா, போன் எடுக்க மாட்டியா?"

"பங்க்ல இருந்தேங்க. பாலத்த மூடிட்டாங்க, சுத்திக்கினு வந்தோம். பெட்ரோல் தீந்துபோச்சு."

"எவ்ளோ போட்ட?"

"ஃபுல்லா."

"ஃபுல்லாவா? ஃபுல்லா போட்டுக்கினு எங்க போகப்போற நீ?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பின்னாலிருந்து மாமா, "டேய், என்னிய இட்டுக்கினு போறாடா, வையி போனை" என்றார். வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பயந்தபடிதான் நடந்தது. மாமாவின் படுக்கை போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் வேறு ஒன்று காலியாகும் என்றாள் நர்ஸ். ஆக்சிஜன் வைத்து உட்காரவைத்தார்கள். அவர் உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு நான் காரில் வந்து உட்கார்ந்தேன். பெட்ரோல் முள் மேலே முட்டிக்கொண்டு நின்றது. எங்கே போவேன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அம்மா வீடு வந்தவாசியில். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது போய். அதைத் தவிர ஓர் இடம்கூட நினைவுக்கு வரவில்லை. கூடப் படித்தவர்களின் ஊர் மறந்துவிட்டது. கடல் பார்க்கலாம் என்று தோன்றியது, எந்த ரோடு என்று தெரியவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது மாமா களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தார். மானாம்பதி வருவதற்கு முன் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"நேராப் போனா ஒங்க அம்மா வூடுதானே?"

"ஆமா மாமா."

"போய்ட்டு வரலாமா? நான் வண்டியிலயே படுத்துக்கினு இருக்கறேன்."

அவர் கையில் ஊசி குத்தின இடத்தில் கட்டு. உதடு காய்ந்திருந்தது. வழியில் வாந்தி வரலாம். "இன்னிக்கு வேணாம் மாமா" என்றேன்.

இப்போது பெட்ரோலை நானே போடுகிறேன். மறுநாளே என் கணவர் "இனிமே நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. பாலம் திறந்த பிறகும் மானாம்பதி வழியாகவே வாரம் தவறாமல் காஞ்சிபுரம் போகிறோம், வருகிறோம். அம்மா போனில் எப்போது வருவாய் என்கிறாள். வர்றேம்மா என்கிறேன். திரும்பும்போது மானாம்பதி வந்ததும், நேரே போகாமல், இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டு எங்கள் வீட்டுக்குப் போகும் உத்திரமேரூர் ரோட்டில் திரும்பிவிடுகிறேன்.