ஒன்பதாவது டிக்

ஸ்ட்ரூவன் லோரிமர் ஃபைஃப் கடற்கரையில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினார். அதே முப்பத்தோரு வருடம் நகராட்சி மைதானத்தில் கோல்ஃப் ஆடினார். பஸ் நேரத்துக்குப் போனது.

மொத்தம் எத்தனை அடி என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஆட்ட அட்டையில் போடும் டிக் மட்டும்தான் கணக்கு. நான்கு தடவை அடித்துப் பந்தைப் போட வேண்டிய குழி என்றால், கடைசி இரண்டடி கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், உருட்டிப் போடுவதற்கு ஒதுக்கியது. ஆகவே இரண்டாவது அடியிலேயே பந்து கிரீனில் ஏறியிருக்க வேண்டும். ஏறினால் டிக். விளிம்புப் புல்லில் நின்றால் கிடையாது. பதினெட்டுக் குழியில் பாதி, ஒன்பது டிக், ஆயுளில் ஒரு தடவை வேண்டும் என்பார். எட்டோடு பதினான்கு முறை வீடு திரும்பியிருந்தார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை எட்டு டிக்குடன் கடைசிக் குழிக்கு வந்தார். கூட ஆடியவர் மீன்கடை எஃபி. பையைத் தூக்கி வந்தவள் ஸ்ட்ரூவனின் மகள் மோர்னா. பாலம் கட்டும் பொறியாளர். ஸ்ட்ரூவனுடைய இரண்டாவது அடி நன்றாகத்தான் போனது. பந்து கிரீனுக்கு ஒரு சாண் முன்னால் விளிம்பில் நின்றது.

கடற்காற்று பலமாக அடித்தது. பந்து இருந்த இடத்திலேயே நடுங்கியது. விதிப்படி, காற்று நகர்த்தினால் அது ஓர் அடியாகாது, நகர்ந்த இடமே பந்தின் இடம். பந்து கிடக்கும் இடத்துக்கு நடந்து போக நேரம் உண்டு. வேண்டுமென்று தாமதிக்கக் கூடாது.

"யோவ், குனிஞ்சு ஷூ கயித்தக் கட்டு," என்றார் எஃபி.

"ஏமாத்து வேலை நமக்கு ஆகாது."

"முட்டி வலின்னு ஊரெல்லாம் சொன்னியே?"

"அது நிஜமாவே வலிக்குது."

"அப்ப நிஜமாவே நொண்டு."

நொண்டினார். சிரிப்பு வந்தது. சிரித்தால் முட்டி இன்னும் வலித்தது. வலித்தால் நடை இன்னும் குறைந்தது. பத்துத் தப்படி இருக்கும்போது பெருங்காற்று ஒன்று வந்தது. பந்து மெல்ல உருண்டு கிரீனில் ஏறி நின்றது. எஃபியின் தொப்பி கடலுக்குப் போனது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஸ்ட்ரூவன் கிரீனில் ஏறினார். நான்கு உருட்டு உருட்டினார்.

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூட நான் ரெண்டுல போட்டிருப்பேன்," என்றார் எஃபி.

"அது இந்தக் கணக்குல வராது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஸ்ட்ரூவன்.

மே மாதம் இறந்தார். அட்டை மோர்னாவிடம் இருக்கிறது. கடைசிக் குழிக்கு எதிரே 'ஆறு' என்று பொடியாக எழுதியிருக்கிறது. பக்கத்து டிக் மூன்று கட்டங்களைத் தாண்டி, அட்டையின் ஓரம்வரை ஓடுகிறது.