முன்சீட்டில் உட்கார்பவருக்காக

வெரோனிகா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தெரிந்த முகமாகவே இருந்தாலும், பெயரைச் சொல்லச் சொல்லி, குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் ஊசியைத் தொடுவார். ஒருமுறை அவருடைய கணவர் ஜூலியனே சோதனைக்குப் போயிருந்தார். அவரிடமும் பெயர் கேட்டார். "கட்டிக்கின பொண்டாட்டிக்கு என் பேரு தெரியலியா?" என்று ஜூலியன் கேட்டதை லேபில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜூலியன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். இளம் வயதில் நெல்லித்தோப்பு பையன்கள் அணிக்கு கோல் கீப்பர். நல்ல உயரம், அகலமான கை. ஒரு டிசம்பர் மாதம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறிக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அதற்குப் பிறகு வீல்சேர்தான்.

வெரோனிகா அழுது ஓய்ந்ததும் செய்த முதல் காரியம், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது. அதுவரை ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஒரு சின்ன கார் வாங்கினார். ஜூலியனை பிசியோதெரபிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதில்தான் கூட்டிப்போனார். காருக்குள் இறக்குவது சுலபம். வீல்சேருக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு வழவழப்பான பலகையைப் போட்டால் ஜூலியன் கைகளை ஊன்றிச் சறுக்கி உள்ளே போய்விடுவார். வெளியே வருவதுதான் பாடு. சின்ன காரின் சீட் பள்ளத்தில் இருக்கிறது, வீல்சேர் மேலே இருக்கிறது. அந்த மேட்டுக்கு அவரைத் தூக்கித் தூக்கி வெரோனிகாவின் இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு நாள் கோயில் வாசலில் இருவரும் சேர்ந்தே சாய்ந்துவிட்டார்கள். நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அன்றிலிருந்து ஜூலியன், "நீ போயிட்டு வா, நான் டிவியில பூசை பாத்துக்கறேன்" என்று சொல்லத் தொடங்கினார்.

வெரோனிகாவுக்கு அது பொறுக்கவில்லை. ஜூலியனோடு ஒரே அணியில் விளையாடிய ஜானகிராமனிடம் போனார். நெல்லித்தோப்பில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

"பெரிய எஸ்யூவி பாரு தங்கச்சி," என்றார் ஜானகிராமன்.

"அது இன்னும் ஒசரமாச்சே அண்ணே? ஏணி வெச்சா ஏத்துறது?"

"வெளிநாட்டு கம்பெனியோட சொகுசு வண்டி சிலதுல ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். ஒரு பட்டன அமுக்குனா ஆன குந்துற மாதிரி மொத்த வண்டியும் கீழ எறங்கும். சீட்டு வீல்சேர் மட்டத்துக்கு வந்துடும். ஓட்டும்போது மறுபடி ஏத்திக்கலாம். புதுசு நமக்கு எட்டாது. ஆனா பழசா போயிட்டா அந்த வண்டிங்கள சீந்த ஆளு இல்ல, செலவு வெக்கும்னு பயப்படுவாங்க. பாத்து வாங்கணும், அவ்ளோதான்."

பார்த்து வாங்குவது வெரோனிகாவுக்குப் பிடித்த வேலை. மாதக் கணக்கில் தேடினார்கள். சென்னை வெள்ளத்தில் முங்கிய ஒன்றை, தரைக் கம்பளத்தைத் தூக்கி மோந்துபார்த்தே ஜானகிராமன் ஒதுக்கினார். மீட்டரைத் திருத்திய ஒன்று, சர்வீஸ் விவரம் கேட்டதும் மாட்டிக்கொண்டது. கடைசியில் உழவர்கரையில் பலராமன் என்பவரின் வண்டி வந்தது. விவசாயக் குடும்பத்துக்காரர், இப்போது கம்பியும் சிமென்ட்டும் விற்கிறார். பெங்களூர்க்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி, சில வருஷம் ஓட்டிவிட்டு, வேறு வண்டி எடுத்துவிட்டதால் இதை விற்கிறார்.

ஜானகிராமன் எஞ்சின் சூடாவதற்கு முன்பே போய் நின்று, ஸ்டார்ட் செய்யும் சத்தத்தைக் கேட்டார். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். பிறகு வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் வெரோனிகாவோடு திரும்பிப் போனார். இம்மிகூட இறங்கவில்லை.

"வண்டிய தூக்கி நிறுத்துற காத்துப் பை நாலும் கெட்டி. எஞ்சினும் சுத்தம். எனக்கு எந்தக் கொறையும் தெரியல தங்கச்சி," என்றார்.

பலராமனின் மனைவி பாக்கியலட்சுமி எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். யாருக்காக வண்டி என்று கேட்டார். வெரோனிகா சொன்னதும், "அய்யோ பாவமே. எங்க வண்டி நல்ல வண்டிம்மா. கோயிலு கொளம்னு எவ்ளோ எடம் கூட்டினு போயிருக்குது தெரியுமா" என்று வண்டியின் பக்கவாட்டைத் தடவினார்.

வெரோனிகா கிளம்பும் முன் வண்டியின் உடம்பில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்து, போனில் படமும் எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு வேளையில் லேபில் உட்கார்ந்து, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் எண்ணை இட்டார். பாதுகாப்புக் குறை ஏதாவது கண்டுபிடித்துக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தால், ரீகால் என்பார்கள், அங்கே தெரியும். பதில் சிவப்பு எழுத்தில் வந்தது. முன்பக்கப் பயணியின் ஏர்பேக். மாற்ற வேண்டியது, இன்னும் மாற்றப்படவில்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் செய்தார். பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். ஏர்பேக்கை ஊதவைக்கும் சின்ன உலோகக் குப்பி வருஷக் கணக்கில் வெப்பமும் ஈரக்காற்றும் பட்டால் கெட்டுப்போகலாம். விபத்தில் ஏர்பேக் விரியும்போது குப்பியே வெடித்து, உலோகத் துண்டுகள் உட்கார்ந்திருப்பவர் மேல் பாயலாம். மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது, வண்டி யார் கையில் இருந்தாலும் சரி. தகவல் முதல் உரிமையாளரின் விலாசத்துக்குப் போயிருக்கும்.

கடற்கரை ஊர். வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் இங்கே பஞ்சமில்லை. வெரோனிகா சாப்பாட்டு டப்பாவை மூடினார். ஜூலியன் உட்காரப்போகிற சீட் அது.

சாயங்காலம் நேரே உழவர்கரைக்குப் போனார். வாசலில் பாக்கியலட்சுமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பலராமன் நாற்காலியை இழுத்துப் போட்டார். வெரோனிகா விஷயத்தைச் சொல்லி, போனில் இருந்ததையும் காட்டினார்.

பலராமனின் முகம் மாறியது. "வெல கொறைக்கிறதுக்கு இப்பிடி ஒரு கதயா மேடம்? உங்க மெக்கானிக்கே ஒரு கொறையும் இல்லன்னு சொன்னாரே?"

"அவரு பாத்து தெரியிற விஷயம் இல்ல சார் இது. டாஷ்போர்டுக்குள்ள இருக்குது. வெலயில ஒரு பைசா கொறைக்க வேணாம். சென்னையில சர்வீஸ் சென்டர்ல வுட்டு மாத்திக் குடுங்க, நான் சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன்."

"எனக்கு எங்க நேரம் இருக்குது? கடலூர் பார்ட்டி ஒண்ணு நாளைக்கே எடுத்துக்கறேன்னு நிக்கிது. அவங்க இந்த மாதிரி நோண்டல."

வெரோனிகா எழுந்தார். "சரிங்க சார். அவங்களுக்கே குடுங்க. ஆனா இத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க. யாரு வூட்டு ஆளோ அந்த சீட்டுல குந்தப் போறாங்க."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாக்கியலட்சுமியின் கை நின்றுபோயிருந்ததை வெரோனிகா கவனித்தார். ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வீட்டில் ஜூலியன் வண்டி வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வீல்சேரை வெரோனிகாவின் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஆக்சிடென்ட் ஆனாதானே வெரோ ஏர்பேக் விரியும்? நீதான் ஆமை மாதிரி ஓட்டுறியே" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார்.

"மாடியிலேர்ந்து விழுவோம்னு நெனச்சா ஏறுனீங்க?" என்றார் வெரோனிகா. சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜூலியன் வீல்சேரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "காபி போட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர்கள் வீட்டில் சண்டை முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

அந்த வண்டியை மறந்துவிட்டு மறுபடி தேட ஆரம்பித்தார்கள். அதுபோல ஒன்று அகப்படவில்லை. பிசியோதெரபிக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்வந்தார்கள். கடலூர்க்காரரிடம் பலராமன் சொல்லியிருப்பாரா என்ற நினைப்பு மட்டும் வெரோனிகாவுக்கு அடிக்கடி வந்தது. போன் செய்து கேட்கலாமா என்று எண்ணை எடுப்பார், பிறகு வைத்துவிடுவார்.

ஒரு நாள் லேபில் கூட்டம் குறைந்த நேரத்தில் போன் அடித்தது. பாக்கியலட்சுமி.

"ஏம்மா, நான் உழவர்கரையிலேர்ந்து பேசுறேன். வண்டி வாங்கிட்டியா?"

"இல்லக்கா. இன்னும் பாத்துகினுதான் இருக்கறோம்."

"அப்ப ஒரு எட்டு வந்துட்டுப் போ. எங்க வண்டி இங்கதான் இருக்குது. நீ சொன்னத மாத்தியாச்சு."

பாக்கியலட்சுமியே தொடர்ந்து சொன்னார்.

வெரோனிகா வந்துபோன மறுநாள், மயிலம் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. புது வண்டி அன்றைக்கு மகனிடம் இருந்ததால் பலராமன் பழையதையே எடுத்தார். "நான் எப்பவும் முன்னாலதான் குந்துவேன். அன்னைக்குப் போயி பின்னால குந்திக்கினேன். இன்னா பின்னால குந்திக்கினன்னு கேட்டாரு. இத்தினி வருசமா நான் தானே முன்னால குந்திகினு வந்தேன், அந்தப் பொண்ணு சொன்னத கேட்டதுலேர்ந்து ஈரக்கொலை நடுங்குது, கடலூர்க்காரனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குமில்லன்னு கேட்டேன்."

மயிலத்திலிருந்து திரும்பியதும் பலராமன் கடலூர்க்காரருக்கு போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார். அவருக்கு அவசரம், பாகம் வரும்வரை காத்திருக்க முடியாமல் வேறு வண்டி எடுத்துக்கொண்டார். பலராமன் சென்னை சர்வீஸ் சென்டரில் பதிவு செய்து, பாகம் வந்ததும் தானே ஓட்டிப்போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

"அதுக்கப்புறமும் ரெண்டு மூணு பேரு வந்து கேட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல கேட்டுட்டுதான் மத்தவங்களுக்குன்னு நான்தான் புடிவாதமா நிறுத்தி வெச்சேன்" என்றார் பாக்கியலட்சுமி.

வெரோனிகா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை நீட்டிக் காத்திருந்த பெரியவர், "இன்னாம்மா, துக்க சமாச்சாரமா?" என்று கேட்டார். "இல்ல தாத்தா. நல்ல சமாச்சாரம். உங்க பேர சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜூலியனையும் ஜானகிராமனையும் கூட்டிக்கொண்டு உழவர்கரைக்குப் போனார். பலராமன் வாசல்வரை வந்து வரவேற்றார். வெரோனிகா பேசுவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"எண்ண மறுபடி போட்டுப் பாத்துடுங்க மேடம். நான் சொல்றத நம்ப வேணாம்."

வெரோனிகா போட்டுப் பார்த்தார். நிலுவையில் எதுவும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது.

"அன்னைக்கு நான் கொஞ்சம் முன்னபின்ன பேசிட்டேன்," என்றார் பலராமன். "என் பொண்டாட்டிய அந்த சீட்டுல வெச்சிகினு நான் ராமேஸ்வரம்வரைக்கும் ஓட்டியிருக்கறேன். ஒண்ணும் ஆவாம இருந்தது சாமி புண்ணியம். தெரிஞ்சது உங்களாலதான்."

"நீங்க பேசாம வித்திருக்கலாமே சார். யாரு கேட்டிருக்கப் போறாங்க? சென்னைவரைக்கும் போயி மாத்தி, எங்களுக்காக வெச்சிருந்தீங்களே. அத நான் எப்பிடி மறப்பேன்?" என்றார் வெரோனிகா.

ஜானகிராமன் பட்டனை அழுத்தினார். வண்டி மெல்லப் பெருமூச்சு விட்டுக்கொண்டு தாழ்ந்தது. வெரோனிகா பலகையை வைத்தார். ஜூலியன் கைகளை ஊன்றி ஒரே சறுக்கில் சீட்டுக்குப் போனார். உடனே, யாரும் கேட்காமலே, திரும்பி வீல்சேருக்கு வந்தார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார். வெரோனிகா கையே வைக்கவில்லை. ஜூலியன் சிறுபிள்ளைபோல எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"போதும் மச்சான், வாங்கறதுக்கு முன்ன சீட்ட தேச்சிடாத," என்றார் ஜானகிராமன்.

ஜூலியன் பாக்கியலட்சுமியைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்தார். "மெர்சி அக்கா" என்றார். பிரெஞ்சில் நன்றி என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தகப்பனிடமிருந்து வந்த பழக்கம், மனசு நிறைந்தால் அந்த வார்த்தைதான் முதலில் வரும்.

"இன்னாமோ சொல்றாரு, நல்லதுதான் சொல்லுவாரு," என்று பாக்கியலட்சுமி சிரித்தார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்த இடத்தில் மாதா படத்தை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று தன் கையாலேயே அந்த இடத்தைத் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த விடுமுறையில் காரைக்காலுக்குப் போனார்கள். ஜூலியனின் அக்கா ஆனந்தமேரி அங்கே இருக்கிறார். மூட்டுவலியால் அவரால் வர முடியாது, வீல்சேரில் இருப்பதால் இவராலும் போக முடியாது. விபத்துக்குப் பிறகு போனில் மட்டும்தான் பார்த்துக்கொண்டார்கள். வெரோனிகா நிதானமாக ஓட்டினார். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஜூலியன் கண்ணாடியை இறக்கிவிட்டு, கடந்துபோன மைதானங்களில் பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஒரு கோல் விழும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பச் சொன்னார்.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய வண்டியைப் பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வண்டி அவர் முன்னால் தாழ்ந்தது. கதவு திறந்தது. வெரோனிகா வீல்சேரைப் பக்கத்தில் நிறுத்திப் பலகையை வைத்தார். தம்பி தன் கையை ஊன்றி, யார் கையும் படாமல் வீல்சேருக்குச் சறுக்கி வருவதைப் பார்த்து, மூட்டுவலியை மறந்து எழுந்து நின்றார்.