கத்தரிப்பூச் சேலை கட்டி வந்தவள்

எங்கள் பக்கம் நன்றி என்ற சொல் கல்யாண மேடை மைக்குக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் உரியது. சொந்தத்திடம் வாய்விட்டுச் சொன்னால் முகம் சுண்டிவிடும். "என்னத்தா, அசலார்கிட்டப் பேசுற மாதிரிப் பேசுற?" சேலை கொடுத்தவர் வீட்டுக்கு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே சாப்பிட்டுக் கை நனைக்க வேண்டும். கிளம்பும்போது, கொடுத்த தம்பதியின் காலில் மணமக்கள் சேர்ந்து விழ வேண்டும். அவ்வளவுதான். அதுவரைக்கும் கொடுத்த பொருள் வந்து சேரவில்லை. நடுவழியில் எங்கோ நிற்கிறது.

என் பீரோவின் அடித்தட்டில் அப்படி ஒரு சேலை இருபத்தாறு வருடமாக நின்றுகொண்டிருந்தது.

கத்தரிப்பூ நிறம், கரும்பச்சைக் கரை. என் மாமியாரின் தங்கையும் அவர் கணவரும் மேடையேறி வந்து என் கையில் தந்தது. எனக்குச் சின்னத்தை, சின்ன மாமா. "ஒம்பதாம் நாள் நம்ம வீட்ல விருந்து. இதைக் கட்டிட்டு வந்துரணும் தாயி" என்றார் மாமா. எட்டாம் நாள், அவர் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் ஓர் அறை இல்லாமல் போனது. அவரும்.

"புதுப்பொண்ணு எழவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது" என்றார் மாமியார். வருடம் திரும்பட்டும் என்றார்கள். திரும்புவதற்குள் நான் முழுகாமல் இருந்தேன். பிறகு யாரும் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம் தடுத்தது. கூச்சத்துக்கு அடியில் பயம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தட்டில் மட்டும் வெடிமருந்து வாசனை. அந்துருண்டை வாசனைதான் என்பார் என் கணவர். நான் அந்தத் தட்டில் அந்துருண்டை போட்டதே இல்லை.

இந்த ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். சின்னத்தை நல்ல காரியங்களுக்கு வருவதில்லை. ஆள்மூலம் ஓர் எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்துவிட்டிருந்தார். இனித் தப்ப முடியாது. போக வேண்டும், போய் என் பாக்கியையும் சேர்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று சேலையை வெளியே எடுத்தேன். மடிப்பைப் பிரிக்கக் கை வரவில்லை. மருமகளைக் கூப்பிட்டேன்.

"சின்ன அப்பத்தா எடுத்த சேலை. நீ கட்டுனா சந்தோசப்படுவாக."

"கலரு நல்லாருக்கு அத்தே" என்று வாங்கிக்கொண்டாள். எதற்குப் பயந்தேனோ அதை, வந்து பத்து நாள் ஆகாத பெண்ணுக்குக் கட்டிவிட்டேன். குனிந்து கொசுவத்தை நானே நீவிவிட்டேன்.

கணவர் தீபாவளிப் பட்டாசு லோடு ஏற்றி லாரியில் போயிருந்தார், வரவில்லை. நாங்கள் மூவரும் சின்னத்தையின் ஊரான நாரணாபுரம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். எங்கோ சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். ஒரு சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு சத்தம்.

வருவதாக நாங்கள் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் கறி கொதிக்கும் வாசனை. கூடத்தில் மூன்று இலை போட்டிருந்தது. சின்னத்தை வாசலுக்கு வந்தார். என்னைத் தாண்டி, மருமகளின் முந்தானையைப் பார்த்தார்.

"வந்துட்டீகளா! எம்புட்டு நேரம் பாக்குறது?" மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, மாப்பிள்ளை ஆகவும் எளைச்சுட்டியே."

மகன் அவன் அப்பாவை உரித்து வைத்தவன். "அப்பத்தா, நான்..." என்று இழுத்தான்.

"அப்பத்தாவா? தாலி கட்டுன ஒம்பது நாள்ல சித்தி ஒனக்குக் கெழவியாயிட்டேனாலே?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. அந்தக் கல்யாண மேடையில் கேட்ட அதே சிரிப்பு.

மணமக்களை உட்கார வைத்தார். மூன்றாவது இலைக்கு நான் நகர்ந்தேன். "அது அவுகளுக்கு" என்றார் மருமகளிடம். "இந்தா, வந்துருவாக." பிறகுதான் என்னைப் பார்த்தார். "நீ யாரு தாயி? பொண்ணுக்குத் துணைக்கு வந்தியா?"

"சின்னத்தே, நான்தான் ஒங்க..."

"இருக்கட்டும், இருக்கட்டும். தொணைக்கு வந்தவுகளும் சாப்பிடணும்ல." ஒரு தட்டை நீட்டினார். சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். மருமகளுக்கு ஈரலாகப் பொறுக்கி வைத்தார். "உப்புப் பத்துதா? கூச்சப்படாதே, இது ஒன் வீடு." எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை ஒவ்வொன்றும் அவள் இலையில் விழுந்தன. மூன்றாவது இலையிலும் சோறு வைத்தார். நாங்கள் கை கழுவி வந்த பிறகும் அது ஆறவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கிளம்பும்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்து, அதற்கு இடப்பக்கம் போய் நின்றார்.

"சேந்து விழுங்க. அவுகளுக்கு ஆலைக்கு நேரமாச்சு."

பிள்ளைகள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். விழுந்தார்கள். சின்னத்தையின் கை மருமகளின் தலையில் பட்டது. உடனே எழச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து வைக்கும் நேரம் வரைக்கும் நாற்காலியைப் பார்த்தபடி நின்றார். வெளியே ஒரு வெடி. "போதும், எந்திரிங்க" என்றார். அந்த முகத்திலிருந்து ஏதோ இறங்கிப் போனதைப் பார்த்தேன். சேலை வந்து சேர்ந்துவிட்டது. கொண்டு வந்தவள் நான் இல்லை.

பொறுக்க முடியவில்லை. நானும் விழுந்தேன். நெற்றி தரையில் பட, "சின்னத்தே, அன்னைக்கே வந்திருக்கணும்" என்றேன்.

தோளைத் தொட்டுத் தூக்கினார். அயலாளிடம் காட்டும் மரியாதையோடு. "எந்திரி தாயி. நீ எதுக்கு விழுகுற? ஒனக்கு நான் ஒண்ணும் தரலையே."

அன்று சாயங்காலம் மருமகள் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு என் பீரோ பக்கம் வந்தாள்.

"ஒன் பீரோவுல வையி" என்றேன். "அது ஒனக்குக் கொடுத்தது."