ஜார்ஜ் என்று கூப்பிட்டபோது

ரயில் தொழிலாளர் சங்கம் பற்றிய தொலைக்காட்சிப் படம் ஒன்றில் சேர்க்காமல் விட்ட சுருள்கள் எங்கள் நூலகத்துக்கு வந்தன. அவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதுவது என் வேலை. ஒரு சுருளில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்துக் கறுப்பின மூதாட்டி ஓசெல்லா பேசுகிறார். எங்கள் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்பவர். பேசும்போதும் அவர் கண் கதவிலேயே இருக்கிறது.

கணவர் லெமுவேல் அந்தக் காலத்தில் ரயிலின் படுக்கை வண்டியில் பயணிகளுக்கு ஏவல் செய்யும் பணியாள். கறுப்புப் பணியாள் யாராயிருந்தாலும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அவர் 'ஜார்ஜ்'தான். கூப்பிட்ட நொடியில் "வந்துட்டேன் சார்!" என்று குரல் வரவேண்டும், இல்லையென்றால் புகார். சங்கத்தில் சேர்ந்தது தெரிந்தால் வேலையே போய்விடும். அதனால் சங்கக் கூட்டம் ஓசெல்லா வீட்டுப் பின்னறையில் நடக்கும். ஆண்களின் பேச்சு வெளியே கேட்காதபடி முன்னறையில் மனைவிமார் தைத்தபடி பாடுவார்கள்.

ஒரு ஞாயிறு மதியக் கூட்டத்தின்போது, சங்கத்தை வேவு பார்க்கும் ரயில் கம்பெனி ஆள் படியேறி வந்தான்.

"லெமுவேல் எங்கே?"

"வெளிய போயிருக்காருங்க. சர்ச் பொம்பளைங்க நாங்கதான் இருக்கோம் சார்."

திரும்பிப் போகிறவன் போல நகர்ந்தவன், சட்டென்று உரக்கக் கூப்பிட்டான்.

"ஜார்ஜ்!"

"வந்துட்டேன் சார்!"

பின்னறையிலிருந்து மூன்று நான்கு ஆண்குரல்கள், பழக்கத்தில், ஒன்றாக. நான் அங்கே இருந்திருந்தால் வாயை மூடியிருப்பேனா?



தைத்துக்கொண்டிருந்தவர்களில் கட்டைக்குரல் வெர்டீன்தான் முதலில் சிரித்தாள். "உள்ள எங்க பொண்ணுங்க சார். ஆம்பளைங்க இல்லாத நேரம் அவங்கள மாதிரி பேசிக் காட்டுறதுதான் எங்களுக்குக் கொண்டாட்டம். ஏய், நீங்களும் சொல்லிக் காட்டுங்கடி!"

முன்னறைப் பெண்கள் ஆண்குரலில் கத்தினார்கள்: "வந்துட்டேன் சார்!"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இன்னொரு தடவை. ஜார்ஜ்!"

"வந்துட்டேன் சார்!"

"இன்னும் குனிஞ்சு சொல்லுங்க. ஜார்ஜ்!"

அவனுக்குச் சலிக்கும்வரை சொன்னார்கள். அவன் நம்பினானா, வேடிக்கை போதுமென்று போனானா, ஓசெல்லாவுக்குத் தெரியாது. யாருடைய வேலையும் போகவில்லை.

"அப்புறம் பின்னறைக் கதவைத் திறந்தீங்களா?" கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார்.

"கைப்பிடி வரைக்கும் போனேன் தம்பி. அவனுக்குப் பயந்ததைவிட அந்தக் கதவைத் திறக்கத்தான் பயந்தேன். நாங்க சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு ஆம்பளைங்க உள்ள உக்காந்திருந்தாங்களே! கடைசியில எங்க வீட்டுக்காரரேதான் திறந்தாரு. முகத்தை நான் பாக்கல. காபி இருக்கான்னு கேட்டாரு."

மறுபடி கதவைப் பார்க்கிறார். குரல் இறங்குகிறது.

"இதை மட்டும் படத்துல போட்டுறாதீங்க. இத்தனை வருஷமா இதைப் பத்தி அவரும் நானும் பேசினதில்ல. பக்கத்து ரூம்லதான் இருக்காரு."