ஓடைப் பள்ளத்தில் நின்ற படப்பெட்டி

பெரம்பலூரில் கியர் இல்லாத ஸ்கூட்டரின் வயிற்றை முதலில் திறந்து பார்த்தவன் நான்தான். பெயர் அரியமுத்து. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சொந்தப் பட்டறை போட்டவன். எனக்கு யாரும் தொழில் கற்றுக் கொடுக்கவில்லை. இதை வேறு ஆள் எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன். ஆனால் சொல்ல வந்தது நல்லதம்பியைப் பற்றி.

நல்லதம்பிக்குக் குன்னம். அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பம். அவன் கிணறு வெட்டப் போனான். பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டதில் இடது கையில் மூன்று விரல் போயிற்று. "மிச்சம் ரெண்டு இருக்குல்ல, பொடி போட அது போதும்" என்று அவனே கேலி பேசுவான். அப்புறம் குன்னத்தில் டூரிங் கொட்டகை நடத்திய ராசாங்கத்திடம் படப்பெட்டி தூக்கச் சேர்ந்தான்.

அப்போதெல்லாம் பெரம்பலூர் தியேட்டருக்கும் குன்னம் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே பிரிண்டுதான். இங்கே முன்னால் ஆட்டம் தொடங்கும். முதல் பாதி ஓடி முடிந்ததும் சுருள்களைப் பெட்டியில் போட்டு அங்கே கொடுத்துவிட்டு, திரும்ப வந்து பின்பாதியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இடைவேளைக்குள் பெட்டி போகாவிட்டால் கொட்டகையில் மணலை வாரி இறைப்பார்கள். இப்படி ஓடியதில் நல்லதம்பி பார்த்த படங்களுக்கெல்லாம் பின்பாதி மட்டும்தான் உண்டு. யார் யாருக்குப் பிள்ளை, எதற்காகச் சண்டை என்று எதுவும் அவனுக்குத் தெரியாது.

எண்பத்தேழில் ராசாங்கம் திருச்சியிலிருந்து கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கி வந்தார். கிளட்ச் பிடிக்க வேண்டாம் என்பதால் ரெண்டு விரல்காரனுக்கு அது வரமாகப் போயிற்று. வழியில் ஓர் ஓடை குறுக்கிடும். பள்ளத்தில் இறங்கி மேடு ஏற வேண்டும். வெங்காய அறுவடை தொடங்கியதும் பள்ளத்தில் மாட்டு வண்டிகள் வரிசை கட்டின. நின்று மறுபடி கிளம்பினால், பெட்டியின் கனத்தோடு ஸ்கூட்டர் மேடேற மறுத்தது. அவன் இறங்கித் தள்ளுவான். ரெண்டு நாள் இடைவேளை நீண்டுபோய்க் கொட்டகையில் ரகளை.

ராசாங்கம் கறாராகச் சொல்லிவிட்டார். "பொங்கலுக்குப் புதுப்படம் போடறேன். அதுக்குள்ள இது மேடு ஏறலைன்னா புல்லட்டு வச்சிருக்கறவன வேலைக்கு வச்சுக்குவேன். நீ மறுபடி கெணறு வெட்டப் போ."

ரெண்டு விரலோடு யார் கடப்பாறை பிடிப்பது? நல்லதம்பி வண்டியை என் பட்டறைக்குத் தள்ளி வந்தான்.

எனக்கோ ரொம்ப நாளாக ஒரே குறுகுறுப்பு. கியரே இல்லாமல் எப்படி வேகம் மாறுகிறது? பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். சங்கிலியும் இல்லை, பல்சக்கர அடுக்கும் இல்லை. ஒரு பெல்ட், அதைக் கவ்விய தட்டுகள். முன்தட்டுக்குள் பாக்கு அளவில் ஆறு உருளைகள். வெளியே நைலான், உள்ளே இரும்புக் குழல். அதற்கு ரோலர் என்று பெயர். அன்று சாப்பாட்டை மறந்து அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பிடிபட்டது. திருவிழா ராட்டினம் வேகமெடுத்தால் தொங்கும் தொட்டி வெளிப்பக்கம் வீசுகிறதல்லவா, அதேதான். இன்ஜின் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளியே ஓடித் தட்டை நெருக்குகின்றன. பெல்ட் மேலேறுகிறது. அதுதான் பெரிய கியர். ரோலர் கனமாக இருந்தால் சீக்கிரமே ஓடிவிடும், வண்டி இழுக்கத் திணறும்போதே பெரிய கியருக்குப் போய்விடும். கனம் குறைந்தால் தாமதமாக ஓடும். அதுவரை வண்டிக்கு இழுவை இருக்கும்.

"அப்ப ரோலர் லேசா இருக்கணுமாண்ணே?" என்றான்.

"லேசா இருக்கணும். ஆனா எம்புட்டு லேசுன்னு பாக்கணும்."

நான் சொன்னதில் பின்பாதியை அவன் காதில் வாங்கவே இல்லை. மறுநாள் காலை அரும்பாவூர் போனான். அங்கே அவன் மச்சான் பூமாலை சாமி சிலை செதுக்குகிறவன். வாகை மரத்தில் ஆறு உருளை கடைந்து வாங்கி வந்து நீட்டினான். தேருக்குச் செய்தது போல வழவழப்பு. ஸ்கூட்டருக்குள் மரமா என்று சிரித்தாலும், என்னதான் ஆகும் பார்ப்போம் என்று மாட்டி அனுப்பினேன்.

சாயங்காலம் கருகிய வாடையோடு திரும்பினான்.

"மேடு ஏறுச்சா?"

"ஆடு மாதிரி தாவுச்சுண்ணே. ஆனா சமதரையில வண்டி கத்துதே ஒழிய நகரல. பின்னால வந்த மாட்டு வண்டிக்காரன் என்னைய ஒதுங்கச் சொல்லி சத்தம் போடறான்."

திறந்து பார்த்தால் மர உருளைகள் ஒரு பக்கம் தேய்ந்து கரியாகிக் கிடந்தன. பூமாலைக்குத் தெரிந்தால் வருத்தப்படுவான் என்று நல்லதம்பி அவற்றை அடுப்பில் போட்டுவிட்டான். ஆனால் எனக்கு விடை கிடைத்துவிட்டது. பழைய ரோலர் ரொம்பக் கனம், மரம் ரொம்ப லேசு. இடையில்தான் எங்கோ இருக்கிறது.

பழைய ரோலர்களின் இரும்புக் குழலை லேத்தில் கொடுத்து உள்பக்கம் கொஞ்சம் கடைந்தேன். ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஓடாது. என்னிடம் அவ்வளவு சின்னத் தராசு ஏது? நகைக்கடைத் தெருவில் வேம்பு பத்தரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "என்னய்யா இது, யானைக்குத் தோடா?"

"ஸ்கூட்டருக்குங்க. மொதல்ல நிறுத்துப் பாருங்க."

கனமாக இருந்ததை அரத்தால் சுரண்டிச் சுரண்டி ஆறையும் ஒன்றாக்கினோம். மாட்டினேன், போதவில்லை. மறுபடி கடைந்தேன், மறுபடி பத்தர் கடை. பிறகு நானே பெட்டியின் கனத்துக்குக் கல்லை ஏற்றிக்கொண்டு ஓடைப் பள்ளத்தில் நின்று கிளப்பினேன். முனகல் இல்லாமல் ஏறியது. வேறு எவன் செய்திருப்பான் இதை?

அன்று மாலை வண்டியை நல்லதம்பியிடம் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துக் குன்னம் போய்விட்டேன். கொட்டகை வாசலில் ராசாங்கம் நின்றார். பக்கத்தில் புல்லட்டோடு ஓர் ஆள். உள்ளே முதல் பாதி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு சந்தைக்கு வெங்காயம் நெறைய போவுது. ஓடையில மாட்டிக்குவான்" என்றார் ராசாங்கம்.

நான் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு இன்னும் ஒரு சுருள் பாக்கி இருக்கும்போதே ரோட்டில் விளக்கு தெரிந்தது.

ராசாங்கம் பெட்டியைத் திறந்து பின்பாதிதானா என்று பார்த்தார். "ஓடையில வண்டி எதுவும் நிக்கலயா?"

"நின்னுச்சுங்க மொதலாளி. நானும் நின்னேன். அப்பறம் ஏறி வந்துட்டேன்."

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் புல்லட்டுக்காரனைப் பார்த்துக் கையசைத்தார். "நீ போயிட்டு வாப்பா." என்னிடம் மட்டும், "பெட்ரோல் கூடக் குடிக்குமோ?" என்றார்.

"கொஞ்சம் குடிக்கும். சமதரையில வேகமும் ஒரு மட்டுக்கு மேல போவாது. மேடு வேணும்னா அதைப் பொறுத்துக்கணுங்க."

பொங்கல் படத்துக்கும் நல்லதம்பிதான் பெட்டி தூக்கினான். அது இருக்கட்டும். வண்டி மேடேறிய அன்று மாலை அவனைத் தேடினால் ஆளைக் காணோம். கொட்டகைக்குள் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் வேலை இல்லாமல் முதல் பாதியை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரையில் ஓர் அம்மாள் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து ஆளிடம், "இந்தம்மாதான் அவனுக்கு அம்மாவா? அதான் கடைசில செத்ததும் அந்த அழுவ அழுவறானா" என்றான்.

"யோவ், கதைய சொல்லாம இருய்யா."

நான் அவன் பக்கத்தில் குந்தினேன். "எப்படிடா ஏறுச்சு? சத்தம் எதுவும் வந்துச்சா? கிளம்பும்போது உதறுச்சா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த ரெண்டு விரலால் என் முழங்காலைத் தட்டினான்.

"செத்த சும்மா இருங்கண்ணே. இதை நான் பாத்ததே இல்ல."