ஊரே பங்காளி

எங்கள் நகரத்தார் திருமண மையத்துக்கு, நானே பைத்தான் படித்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் சம்பந்தம் கிடையாது. ஆகவே ஒன்பது கோயில்களையும் டிராப் டவுன் பட்டியலில் வைத்தேன்.

இன்று மையத்தை நடத்தும் மீனாட்சி ஆச்சி போன் செய்தார். "பள்ளத்தூர் மாப்பிள்ளைக்கு ஒரு பொண்ணுகூடப் பொருந்தலைங்குது. அவுக வீட்டுல எல்லாரும் இங்கதான் உக்காந்திருக்காக."

போய்ப் பார்த்தேன். பதிந்தவர்கள் பட்டியலை விரிக்கவே இல்லை. முதலில் தெரிந்த இரணியூர்க் கோயிலையே எல்லோருக்கும் சேமித்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் அவருடைய கோயிலான மாத்தூர் என்று மாற்றினேன். உடனே, அவருடைய பங்காளி வீட்டுப் பெண்கள் உட்பட, மையத்திலுள்ள எல்லாப் பெண்களும் பொருந்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் எழுந்து போய்விட்டார்.

"மேல ஒரு வெத்து வரி வச்சிருக்கலாம்ல?" என்றார் ஆச்சி.

"கோயில் இல்லாத செட்டியார் உண்டா? வெத்து வரி எதுக்கு?"

"சோதனைக்குன்னு உங்களையும் உங்க வீட்டு ஆச்சியையும் பதிஞ்சீகளே, அதைப் பாருங்க."

பார்த்தேன். நானும் என் மனைவியும் இரணியூர்.

வெற்று வரி சேர்க்கப் போவதில்லை. விரித்துப் பார்க்காதது யார் குற்றம்? நீங்களே சொல்லுங்கள். மனைவியிடம் கேட்டுவிட்டேன். "காப்பி ஆறுது, வாங்கண்ணே" என்கிறாள்.