மீளடுக்கைத் தொட்டு வந்த பெட்டி

சென்ற மாதம் மகளைப் பார்க்கப் பறந்தபோது, முன்னிருக்கைத் திரையில் வெளிக்குளிர் மைனஸ் ஐம்பத்து நான்கு என்று ஒளிர்ந்தது. ஜன்னலில் விரல் வைத்துப் பார்த்தேன். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியைக்குச் சரிபார்க்கும் புத்தி போவதில்லை. அந்தச் சில்லிப்பு என்னைத் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு வரப்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது எனக்கு வேலை புதிது. ஊரெங்கும் குத்தகைத் தகராறு. பள்ளியை ஒட்டிய வயலுக்காக, நில உரிமையாளரும் அதில் பயிர்செய்த கமலத்தின் குடும்பமும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும் இறங்கத் தடை. குறுவைக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. வரப்பின் ஒரு பக்கம் உரிமையாளரின் காரியஸ்தர், மறுபக்கம் கமலம். ஒருவரையொருவர் காவல் காத்தார்கள்.

ஒரு காலையில் வயல் நடுவே, கிழிந்த ரப்பரோடு ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது. போலீஸ் வைத்த கருவி என்றாள் கமலம். செங்கொடிக் கட்சிக்காரர்கள் போட்ட வெடி என்றார் காரியஸ்தர். ஆனால் எடுக்க இறங்கினால், நிலத்தைக் கைப்பற்றியதாக மற்றவர் சாட்சி சொல்வாரே! எந்தப் பக்கமும் சேராத என்னை இறங்கச் சொன்னார்கள். வெடித்தாலும் எந்தப் பக்கத்துக்கும் நஷ்டமில்லை.

அது வானிலை பலூனின் கருவி. படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். இளவெயிலில் வெதுவெதுவென்றிருந்த அதைக் குழந்தையைப் போல் ஏந்திவந்து சொன்னேன்: மேகமும் மழையும் வாழும் கீழடுக்கைக் கடந்தது, குளிர்ந்துகொண்டே போகும் காற்று மறுபடி வெப்பமேறும் மீளடுக்கில் பலூன் பெருத்து வெடித்தது, அதற்கும் மேலே, எரிகற்கள் சாம்பலாகும் இடையடுக்கு, அப்பால் இன்னும் இரண்டு. சொல்லச் சொல்ல, பகைத்து நின்ற இருவரும் அண்ணாந்தார்கள்.

“அவ்ளோ எடமும் யாரோடது டீச்சர்?” என்றாள் கமலம்.

“யாரோடதும் இல்லம்மா.”

“உங்க மொதலாளிக்குச் சேதி போகல போலருக்கு,” என்றாள் காரியஸ்தரிடம். அவரே சிரித்துவிட்டார்.

பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: “நெல்லு உதிருதா டீச்சர்?”

நான் நடந்த வழியெல்லாம் உதிர்ந்திருந்தது. நெல் ஒட்டியிருந்த புடவைக் கொசுவத்தை உதறினேன். விழுந்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தடுக்க வேண்டிய காரியஸ்தர் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தீர்ப்புக்கு முன்பே மழை வந்தது. கதிரிலேயே நெல் முளைத்தது. கமலத்தின் குடும்பம் பிழைக்கத் திருப்பூர் போயிற்று. வயல் மனைகளாகி, இன்று வரப்பு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அந்த மண்ணிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போன கடைசி விளைச்சல், என் புடவையில் ஒட்டிவந்த அந்த நெல்தான்.